விபத்துக்குப் பின் இரண்டாவது அறுவை சிகிச்சை: கடன் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

தொப்பூர் கணவாயிலோ ஓசூர் நெடுஞ்சாலையிலோ அடிபட்ட தொழிலாளிக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் பார்த்துக்கொள்கிறது. பல மாதங்கள் கழித்து, எலும்பில் வைத்த பிளேட்டை எடுக்க வேண்டும் என்றோ, எலும்பு சேரவில்லை, மறுபடி அறுவை செய்ய வேண்டும் என்றோ மருத்துவர் சொல்லும்போதுதான் குடும்பம் வட்டிக்குப் பணம் தேடி அலைகிறது.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவரானாலும், அறுவை சிகிச்சை இ.எஸ்.ஐ. வழியாகவே நடக்கலாம். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேர்ந்த விபத்து வேலையோடு தொடர்புடையது என ஏற்கப்பட்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் சுமார் 90 சதவீதமும் கிடைக்கும். ஆகவே நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். தனியார் மருத்துவமனை என்றால், அந்தக் குறிப்பிட்ட அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டத்தின் அனுமதி வந்த பிறகே சேருங்கள். ‘கார்டு செல்லும்’ என்ற வாய்ப்பேச்சை நம்பிச் சேர வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவில் முன்கூட்டியே காட்டிக் கேட்பதும் நல்லது.

பலர் கோட்டைவிடுவது இழப்பீட்டு வழக்கில்தான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த 6 மாதத்திற்குள் மனு செய்யுமாறு சட்டம் சொல்கிறது. இனி வரப்போகும் மருத்துவச் செலவையும் அந்த மனுவிலேயே கேட்கலாம். அதற்கு, என்ன அறுவை, ஏன் தேவை, எவ்வளவு ஆகும் என்று மருத்துவர் கையொப்பமிட்ட மதிப்பீடு வேண்டும். அது கைக்கு வருமுன் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே முடிந்த வழக்கை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மோதிய வாகனத்தின் காப்பீட்டு நிறுவனம் அவசரப்படுத்துவது அதன் வேலை, நாம் அவசரப்படத் தேவையில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீது எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அசலை யாரிடமும் கொடுங்கள்.