தானாகப் படிக்கும் பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. மும்பையில் நம் வீடுகளில் இது தெரியவந்தால் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். தாதரிலோ செம்பூரிலோ முலுண்டிலோ, நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயார் செய்யும் ஒரு ஃபவுண்டேஷன் கிளாஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம். "இவ்வளவு ஆர்வம் இருக்கே, வீணாப் போகக் கூடாது" என்கிற அக்கறைதான் காரணம். ஆனால் யாரும் சொல்லாமல் ஒரு கேள்வியோடு நெடுநேரம் உட்காரும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் வந்திருக்கிறது. அதற்கு வேண்டிய நேரத்தைத்தான் கிளாஸ் முதலில் எடுத்துக்கொள்கிறது.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் தாளில் மூன்று பாடங்களுக்கும் சேர்த்து 75 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி. கணித ஒலிம்பியாட் என்ற போட்டியின் வட்டாரத் தேர்வில் அதே 3 மணி நேரத்துக்கு 6 கேள்விகள். ஒன்றுக்கு அரை மணி நேரம். முதல் தேர்வுக்கு வேகமாக அடையாளம் கண்டுகொள்ளும் திறமை வேண்டும். இரண்டாவதற்கு, தெரியாத ஒன்றின் முன்னால் பதறாமல் உட்காரத் தெரிய வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே முதல் வகைப் பயிற்சியை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், இரண்டு நிமிடத்தில் பிடிபடாத எதுவும் தனக்கு வராது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். அப்புறம் அந்த எண்ணத்தை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு கணக்குப் போடும்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிளாஸே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பத்து முடித்து ஜூனியர் காலேஜில் சேர்ந்தபின் சிலருக்கு அது உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் எட்டிலும் ஒன்பதிலும், பள்ளி முடிந்து லோக்கலில் ஏறி, கிளாஸ் முடிந்து மறுபடி லோக்கலில் ஏறி, ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்குச் சொந்தமாக யோசிக்க எந்த நேரம் மிச்சம்? வாரத்தில் இரண்டு சாயங்காலங்களை எதற்கும் கொடுக்காமல் வையுங்கள். அந்த நேரத்தில் என்ன படிப்பது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரு சாயங்காலம் ஒன்றுமே நடக்காமல் போனாலும் பரவாயில்லை.

பரிசும் கண்காணிப்பும்

அடுத்த தவறு, ஆர்வத்துக்கு விலை வைப்பது. "இந்தப் புத்தகத்தை முடி, புது ஃபோன் வாங்கித் தரேன்."

1973-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதில் கண் திறக்க வைக்கும். படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் அழகான சான்றிதழ் உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவில்லை. அவர்கள் நர்சரிக் குழந்தைகள்தானே என்று கேட்கலாம். 1971-இல் எட்வர்ட் டெசி என்ற உளவியல் ஆய்வாளர் கல்லூரி மாணவர்களிடம் புதிர்களைக் கொடுத்துச் செய்த சோதனையும் இதே பக்கம்தான் காட்டியது. காசு வாங்கிப் புதிர் போட்டவர்கள், காசு நின்றபின் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆக, முடித்த பிறகு சந்தோஷத்தில் ஒரு பாவ் பாஜி வாங்கிக் கொடுப்பதில் தப்பில்லை. முன்கூட்டியே பேரம் பேசுவதுதான் கெடுக்கிறது. "இன்று எத்தனை பக்கம்?" என்று தினமும் கேட்பதும் அந்தப் பேரத்தின் தம்பிதான். பக்கத்தை எண்ண ஆரம்பித்தால் பிள்ளை சுலபமான பக்கங்களாகத் தேடிப் படிக்கும். "இன்னிக்கு எதுல மாட்டிக்கிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறாக இருக்கும்.

படித்த மாதிரி இருப்பது

தானாகப் படிக்கும் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நாமும் கூடவே ஏமாறுகிறோம். மூன்று வண்ணத்தில் கோடு போட்ட புத்தகம், இரண்டு மணி நேர வீடியோ, அழகான கையெழுத்தில் நோட்ஸ். பார்க்கிறவர்களுக்கு மனசு நிறைந்துவிடும்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்தபின் அதைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எழுதிப் பார்த்தவர்கள் முந்தியிருந்தார்கள். இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை திரும்பப் படித்தவர்களுக்கே அதிகமாக இருந்தது. அதாவது, "எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு" என்று பிள்ளை சொல்வது பொய் அல்ல. அதற்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அதனால் புரிந்ததா என்று கேட்காமல், புரிந்ததை வெளியே கொண்டுவரும் கேள்வியாகக் கேளுங்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று பிள்ளை மனப்பாடமாகச் சொல்லிவிடும். சரி, மேஜைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது, பூமி அதைக் கீழே இழுக்கிறது, அந்த இழுப்புக்கு எதிர்வினை எது என்று கேளுங்கள். மேஜை மேல்நோக்கித் தள்ளுவதுதான் என்று பல பேர் சொல்வார்கள். அது தவறு. பூமி புத்தகத்தை இழுத்தால், புத்தகமும் பூமியை இழுக்கிறது; அதுதான் எதிர்வினை. மேஜையை எடுத்துவிட்டால் புத்தகம் கீழே விழும், ஆனால் அந்த ஜோடி அப்படியே இருக்கும். இந்த ஒரு கேள்வி, மூன்று வீடியோ பார்த்தும் பிடிபடாததைப் பிள்ளைக்கே காட்டிவிடும். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் தெரிந்ததை எழுதி, பிறகு திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பிள்ளையின் வழக்கமாக்கிவிட்டால் இப்படிப்பட்ட இடங்களை அதுவே தேடிக் கண்டுபிடிக்கும்.

விடையைச் சீக்கிரம் கொடுப்பது

ஒரு கணக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்ச்சியான இயல் எண்களின் கூட்டுத்தொகையாக எந்தெந்த எண்களை எழுத முடியாது? 9-ஐ 4+5 என்றும் எழுதலாம், 2+3+4 என்றும் எழுதலாம். 15-க்கு மூன்று வழி உண்டு. 8-க்கு ஒன்றுமே கிடைக்காது. ஏழாம் வகுப்புப் பிள்ளை இருபது வரை பொறுமையாக எழுதிப் பார்த்தாலே 1, 2, 4, 8, 16 மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்துவிடும். அந்த நேரத்தில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஏன் அப்படி என்பதற்கு ஒரு வாரம் ஆகலாம், ஆகட்டும். பத்தாவது நிமிடத்தில் நாம் புகுந்து "அதுவா, இரண்டின் அடுக்குகள்" என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு வாரம் முழுவதும் போயிற்று. கேள்வியைப் படம் எடுத்தால் விடை கொடுக்கும் செயலிகள் இன்று எல்லார் கையிலும் இருக்கின்றன. அவற்றைப் பூட்டிவைக்க முடியாது. எப்போது தொடலாம் என்று பேசி முடிவு செய்யலாம். வேறு வேறு நாட்களில் இரண்டு முறையாவது உட்கார்ந்து, செய்த முயற்சிகளை எழுதியும் வைத்தபின் ஒரு குறிப்பு மட்டும் கேட்கலாம் என்பது என்னோடு படிக்கும் பிள்ளைகள் ஒத்துக்கொண்ட ஏற்பாடு.

அப்பா அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாவிட்டால்? தெரியாதது நல்லதே. உங்களுக்குப் புரியும்படி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடங்கி, பிறகு ஆங்கில வழிக்கு மாறிய தாராவிப் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். பல சமயம் அவர்கள் திணறுவது அறிவியலில் அல்ல, ஆங்கில வாக்கியத்தில். தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே பாடத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

தனியே விட்டுவிடுவது

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "அவன் தானாப் படிச்சுக்குவான்" என்று பெருமையாகச் சொல்லி ஒதுங்கிவிடுவது. உடனே கணித மேதை ராமானுஜனை இழுப்பார்கள். கும்பகோணத்தில் பதினாறு வயதில், நிரூபணங்கள் அதிகம் இல்லாத ஒரு தேற்றத் தொகுப்பை வைத்துக்கொண்டு அவர் தானாகக் கற்றது உண்மை. மற்ற பாடங்களை விட்டுவிட்டதால் கல்லூரி உதவித்தொகையை இழந்ததும் உண்மை. அதன்பின் அவர் சும்மா இருக்கவில்லை. நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயரைத் தேடிப் போனார், நெல்லூர் கலெக்டராக இருந்த கணித ஆர்வலர் ஆர். ராமச்சந்திர ராவைப் பார்த்தார், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தன் வேலையைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்பது அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

மும்பைப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட ஆட்கள் தூரத்தில் இல்லை. இந்திய ஒலிம்பியாட் பயிற்சிகளை நடத்தும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மான்குர்தில், செம்பூரை அடுத்தே இருக்கிறது. பழைய ஒலிம்பியாட் தாள்களையும் தீர்வுகளையும் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன (டி.ஐ.எஃப்.ஆர்.) விஞ்ஞானிகள் பொதுமக்களுக்காக 'சாய் அண்ட் ஒய்' என்ற பெயரில் பேசும் கூட்டங்களில் பள்ளிப் பிள்ளை எழுந்து கேள்வி கேட்கலாம். பழைய பாடப்புத்தகங்களுக்கு மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகள் இருக்கின்றன. முதல் இரண்டு தடவை கூடப் போங்கள், பிறகு பிள்ளை தோழர்களோடு போய்க்கொள்ளும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டால், பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ராமானுஜன் இழந்த உதவித்தொகையை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிப் பாடத்தில் எவ்வளவு கட்டாயம் என்பதைத் தேர்வுக்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். "மார்ச்சில் இதை நிறுத்திவைக்கிறோம், ஏப்ரலில் தொடர்கிறோம்" என்று தெளிவாகச் சொன்னால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். மதிப்பெண் குறைந்த அன்று ஆத்திரத்தில் கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்தால் ஏற்காது.

கடைசியாக இடம். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரும் ஒரு டிவியும் இருக்கும்போது "தானாகப் படி" என்று சொல்வதில் நியாயம் இல்லை. மும்பையில் பல பகுதிகளில் 'அப்யாசிகா' என்ற படிப்பறைகள் உண்டு. உங்கள் பகுதியில் எது, எத்தனை மணி வரை என்று ஒரு நாள் நேரில் போய் விசாரியுங்கள். பையனை அங்கே அனுப்பிவிட்டு, அதே வகுப்பில் அதே ஆர்வத்தோடு இருக்கும் பெண்ணைப் பாத்திரம் கழுவவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் நிறுத்துவது இன்னும் நடக்கிறது. அவளுடைய இரண்டு சாயங்காலங்களும் அவளுக்கே வேண்டும். பாத்திரத்தைப் பையன் கழுவட்டும். இருட்டியபின் அவளை அழைத்துவர எந்த நாள் அப்பா, எந்த நாள் மாமா என்று இந்த வாரமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.