படகுக்கு நீடித்து உழைக்கும் கவர்: எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்

போட் கவர் நட்டநடுத் துணியில் கிழிந்து வீணாவது குறைவு. தையல் பிரியும், விண்ட்ஷீல்டு மூலை உரசி ஓட்டை விழும், மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி ஒரு இடம் தொங்கிப்போகும், அங்கிருந்துதான் கேடு ஆரம்பிக்கும். அதனால் துணி எவ்வளவு தடிமன் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். தைத்த நூல் என்ன, உரசும் இடங்களில் என்ன வைத்திருக்கிறார்கள், தண்ணீர் எப்படி வழியும், காற்று எப்படிப் போய்வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கவரின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த நாலும்தான்.

முதலில் படகு எங்கே நிற்கப்போகிறது என்று யோசியுங்கள். கூரைக்குக் கீழே நிற்கிற படகுக்குத் தூசியும் பறவை எச்சமும் படாமல் இருந்தால் போதும், லேசான துணியே தாங்கும். திறந்த வெளியில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது என்றால் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற துணி வேண்டும். ட்ரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போவீர்கள் என்றால் இழுபட்டாலும் கிழியாத துணி வேண்டும். தண்ணீரிலேயே கட்டிவைப்பவர்களுக்குப் படகின் விளிம்பில் பிரஸ் பட்டனால் மாட்டுகிற மாதிரி கவர் வசதி, ஆனால் அந்த மாதிரி கவரை மாட்டியபடி சாலையில் இழுக்கக்கூடாது, காற்று ஒரே இழுப்பில் பட்டன்களைப் பிய்த்துவிடும்.

அடுத்தது துணி. அக்ரிலிக், பாலியெஸ்டர், பருத்தி கலந்த கேன்வாஸ், வினைல் பூசிய துணி, கடைசியாகச் சாதாரண பிளாஸ்டிக் படுதா, இவ்வளவுதான் நம் முன்னால் இருப்பவை. சொல்யூஷன்-டைடு அக்ரிலிக் என்று சொல்கிறார்களே, அதில் நூலாக இழுப்பதற்கு முன்பே, பாலிமர் திரவமாக இருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். நிறம் நூலின் உள்ளே வரை இருப்பதால் சீக்கிரத்தில் வெளுக்காது. கிளென் ராவன் கம்பெனியின் சன்பிரெல்லா இந்த வகை, 1961-இல் கடை முகப்புப் பந்தல் துணியாக வந்தது, பிறகு படகுகளுக்கும் பரவியது. வெயிலைத் தாங்குவதில் அக்ரிலிக் கெட்டி, காற்றும் ஓரளவு போய்வரும். ஆனால் உரசலைத் தாங்குவதில் கொஞ்சம் பின்தங்கும், நனைந்தால் சற்று நீளும். பாலியெஸ்டர் அப்படியே நேர் எதிர்: இழுத்தாலும் வடிவம் மாறாது, கிழியாது, ஆனால் சாதாரணமாகச் சாயம் தோய்த்த பாலியெஸ்டர் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். சொல்யூஷன்-டைடு பாலியெஸ்டர் கிடைத்தால் அதை விடாதீர்கள். என் கணக்கில், ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிற படகுக்கு அக்ரிலிக், அடிக்கடி ட்ரெய்லரில் போகிற படகுக்குப் பாலியெஸ்டர்.

பருத்தி கேன்வாஸில் காற்று நன்றாகப் போய்வரும், ஆனால் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும், சுருங்கவும் செய்யும். வினைல் பூசியதில் சொட்டுத் தண்ணீர் இறங்காது என்பது உண்மைதான், அதே காரணத்தால் உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போகாது. பிளாஸ்டிக் படுதா நாலு நாள் அவசரத்துக்குச் சரி. வெயிலில் நாளாக ஆக நொறுங்கித் தூளாக உதிரும், காற்றில் அடித்துக்கொண்டே இருந்து ஜெல்கோட்டின், அதாவது ஃபைபர் படகின் வெளிப்பூச்சின், பளபளப்பையும் தேய்த்துவிடும்.

டெனியர் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர், 600 டெனியர் என்றால் அவ்வளவு நீள நூல் 600 கிராம், அவ்வளவே. நூல் எவ்வளவு பருமன் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு நெருக்கமாக நெய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. மாதிரித் துணி கேட்டு வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசிமுனைப் புள்ளிகள் நிறைய தெரிந்தால் நெசவு தளர்வு அல்லது பூச்சு மோசம். அப்புறம் துணியைக் கிண்ணத்தின் மேல் தொய்வாகப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விட்டுவையுங்கள், காலையில் கிண்ணத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தும் பாருங்கள். சாயம் ஒட்டினால், நாளைக்கு அது உங்கள் வெள்ளை சீட்டிலும் ஒட்டும்.

இனி நூல். நல்ல துணியை மட்டமான நூலால் தைத்துத் தருகிறவர்கள் உண்டு. குறைந்தபட்சம் புற ஊதாக் கதிருக்குப் பதப்படுத்திய பாலியெஸ்டர் நூல் வேண்டும். டெஃப்லான் வகையைச் சேர்ந்த பிடிஎஃப்இ நூல் என்றால் வெயில் அதை ஒன்றுமே செய்யாது, விலைதான் கூடுதல். பருத்தி நூல் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தையல் இரண்டு வரிசையாக இருக்கிறதா, துணியின் விளிம்பு உள்ளே மடங்கியிருக்கிறதா என்று கவரைத் திருப்பிப்போட்டுப் பாருங்கள். படகின் மேல்தட்டில் தண்ணீர் நிற்கக்கூடிய இடத்தில் நீளத் தையல் ஓடினால் அந்த டிசைனே சரியில்லை. ஜிப் இருந்தால் பற்கள் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பட்டனும் வளையமும் துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும், உப்புத் தண்ணீர்ப் பக்கம் இதில் சமரசமே கூடாது.

அளவு எடுப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முன்நுனியிலிருந்து பின்பக்கத்தின் கடைசிப் புள்ளி வரை டேப்பைக் காற்றில் நேராகப் பிடித்து அளக்க வேண்டும். விண்ட்ஷீல்டு மேல் ஏறி இறங்கி வளைத்து அளந்தால் கணக்குத் தப்பும். அகலத்தை எங்கே அதிகமோ அங்கே எடுங்கள். படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு இன்ஜினைக் கவருக்குள் சேர்ப்பதா, அதற்குத் தனி உறையா என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்கக் கைப்பிடிக் கம்பி, நீச்சல் மேடை, தூண்டில் தாங்கி, ஆன்டெனா எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். நீளம் ஒன்றாக இருந்தாலும் V அடிப்பகுதிப் படகும், மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளம் வைத்த பான்டூன் படகும் ஒரே கவரில் அடங்காது. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள், சின்னது தையலை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காக ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம், காற்றில் படபடத்தே தேயும். மேலே டவர் (நீர்ச்சறுக்குக் கயிறு கட்டும் உயரமான கம்பிச் சட்டம்) இருக்கிற படகு என்றால் ரெடிமேடை மறந்துவிட்டு அளந்து தைப்பவரிடம் போங்கள்.

தண்ணீர் தேங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நல்ல கவர்களைக் கூட சீக்கிரம் கெடுப்பது அதுதான். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. எந்தத் துணி தாங்கும்? ஒருமுறை தொய்ந்த இடத்தில் அடுத்த மழையில் இன்னும் அதிகம் நிற்கும். ஆகவே கவரோடு முட்டுக்கம்பும் வாங்குங்கள். நடுவில் கூரை முகடு மாதிரி உயரம் வந்து இரண்டு பக்கமும் சரிய வேண்டும். கம்பின் தலை அகலமாகவும் உருண்டையாகவும் இருக்கட்டும், அது முட்டுகிற இடத்தில் துணி இரட்டையாகத் தைத்திருக்க வேண்டும். முன்னிருந்து பின்வரை கம்புகளின் தலைமேல் ஒரு பெல்ட் ஓடினால் கம்பு சாயாது. கையால் அழுத்திப் பாருங்கள், எங்காவது குழி விழுந்தால் அங்கே இன்னொரு கம்பு.

உரசும் இடங்களைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. விண்ட்ஷீல்டு மூலை, கம்பி முனை, கயிறு கட்டும் கொண்டி எல்லாவற்றிலும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கவரைப் போட்டு இறுக்கிக் கழற்றுங்கள். உள்பக்கம் எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் கூடுதல் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கூர்முனைகளில் பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டலாம், மடித்த துண்டும் ஆகும்.

காற்றோட்டத்துக்குக் கவரில் மூடியோடு கூடிய வென்ட் குறைந்தது இரண்டு இருந்தால் நல்லது. ஈரமான லைஃப் ஜாக்கெட்டையும் கயிற்றையும் உள்ளே வைத்து மூடினால் எந்த வென்ட்டும் காப்பாற்றாது, அவற்றைத் தனியாகக் காயவையுங்கள்.

ட்ரெய்லரில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நாலு மடங்காகும். சாலையில் இழுக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் கவரை மட்டும் இதற்கு எடுங்கள். ஓர மடிப்பில் கனமான கயிறோ எலாஸ்டிக்கோ ஓட வேண்டும், பெல்ட் மாட்டும் காதுகள் இரண்டு பக்கமும் நெருக்கமாக இருக்க வேண்டும். கவரின் பெல்ட் கவருக்கு மட்டும்தான், படகை ட்ரெய்லரோடு கட்டும் பெல்ட் தனி. கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தித் தளர்ந்ததை இறுக்குங்கள்.

இன்னொன்று, இதில் விளையாட்டே வேண்டாம்: கவர் போட்ட நிலையில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கி ஆளைக் கொல்லும், அதற்கு வாசனையும் கிடையாது.

பராமரிப்புக்குப் பெரிய வேலை இல்லை. அவ்வப்போது நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பும் பறவை எச்சமும் காய்ந்து ஒட்ட விடாதீர்கள். மென்மையான பிரஷ், மிதமான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வாஷிங் மெஷின், டிரையர், கொதிக்கும் தண்ணீர் மூன்றும் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் துணிக்குள் ஊற ஆரம்பித்தால், அக்ரிலிக் கவருக்கு நீர்விலக்கி ஸ்பிரே அடிக்கும் நேரம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை தையல் நூலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பஞ்சு மாதிரி பிரிந்து வந்தாலோ அறுந்தாலோ நூல் உளுத்துவிட்டது. துணி நன்றாக இருக்கும்போதே தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்து மறுதையல் போட்டுவிட்டால் புதுக் கவர் வாங்க வேண்டியதில்லை, அப்போது பிடிஎஃப்இ நூலிலேயே தைக்கச் சொல்லிவிடுங்கள்.