இருவருக்கும் பொருந்தும் லேடெக்ஸ் மெத்தை: முதல்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல்யாணச் சீரில் பீரோவோடு கட்டிலும் மெத்தையும் சேர்ந்தே வந்துவிடும். அளவு, நிறம், விலை எல்லாம் பெரியவர்கள் பேசி முடித்திருப்பார்கள். அதில் படுக்கப் போகிற இருவரிடமும் எப்படிப் படுப்பீர்கள், இடுப்பு வலி உண்டா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சில வருடங்களில் நடுவில் பள்ளம் விழுந்து, அடுத்த மெத்தையைச் சொந்தக் காசில் வாங்கும்போதாவது கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். லேடெக்ஸ் என்றால் இது இன்னும் முக்கியம். சாதாரண ஃபோம் மெத்தையைப் போலப் பல மடங்கு விலை. ஒருவருக்கு மட்டும் பொருந்தினால் மற்றவர் பல வருடம் சிரமப்பட வேண்டியதுதான்.

லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால். கேரளாவிலும் நம் கன்னியாகுமரியிலும் தோட்டம் தோட்டமாக இருக்கும் அதே மரம்தான். பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, சூட்டில் வேகவைத்து எடுப்பது டன்லப் முறை. 1929இல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியில் உருவானது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். அச்சுக்குள் காற்றை உறிஞ்சி, உறையவைத்து, அப்புறம் வேகவைப்பது டலாலே முறை. அது இன்னும் மென்மை, விலையும் கூடுதல். நல்ல டன்லப் மெத்தையே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

படி 1: இருவர் கணக்கையும் தனித்தனியாக எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி. எடை, எந்தப் பக்கமாகப் படுக்கிறார், வலி எங்கே, வியர்க்கிறதா, எத்தனை மணிக்குப் படுத்து எழுகிறார். மனைவியின் பத்தியை அவரே எழுதட்டும். “எனக்கு எதுவானாலும் சரி” என்று சொன்னால் விடாதீர்கள், இன்னொரு முறை கேளுங்கள்.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். மெத்தை கெட்டியாக இருந்தால் காலையில் தோள் மரத்துப்போகும். மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரம் பொருந்தும். குப்புறப் படுப்பவருக்கு வயிறு இறங்காத அளவு கெட்டி வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: கர்ப்ப காலத்தில் கடைசி மாதங்களில் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டியிருக்கும். அப்போது மிகக் கெட்டியும் ஆகாது, எழுந்திருக்க முடியாதபடி அமுங்குவதும் ஆகாது.

முதுகு வலிக்குக் கட்டாந்தரை போன்ற மெத்தைதான் நல்லது என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வார்கள். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினரைக் கெட்டியான மெத்தையிலும் மற்றவர்களை நடுத்தரமானதிலும் 90 நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒருவர் நடுஇரவில் வந்து படுக்கும்போது மற்றவர் நல்ல தூக்கத்தில் இருப்பார். சாதாரண ஸ்பிரிங் மெத்தையைவிட லேடெக்ஸில் அசைவு குறைவாகவே பரவும். ஆனால் அமுக்கினால் மெதுவாக எழும் மெமரி ஃபோம் அளவுக்கு அடக்காது; லேடெக்ஸுக்குத் துள்ளும் குணம் உண்டு. சின்ன அசைவுக்கே விழித்துக்கொள்பவர் என்றால் கீழே சொல்லும் இரண்டு துண்டு மெத்தையைப் பாருங்கள்.

ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் தடிப்பு, மூச்சிரைப்பு வருகிறவர் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் கேட்ட பிறகே மேலே போங்கள்.

படி 2: கட்டிலை அளந்து பாருங்கள்

கடையில் 78க்கு 60, 78க்கு 72, 72க்கு 60 அங்குலம் என்று இருக்கும். ஆசாரி செய்த கட்டில் ஆறேகாலுக்கு ஐந்தடி, அதாவது 75க்கு 60 ஆக இருக்கலாம். சட்டத்தின் உள்பக்க அளவை எடுங்கள். உயரத்தையும் பாருங்கள்: மெத்தை போட்ட பிறகு ஓரத்தில் உட்கார்ந்தால் இருவரில் குட்டையானவரின் பாதம் தரையில் பதிய வேண்டும். கட்டிலின் அடியில் முழு பிளைவுட் பலகை என்றால் சில துளைகள் போட்டுவிடுங்கள். சட்டங்களாக இருந்தால் இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, மெத்தை அதில் இறங்கும்.

படி 3: டென்சிட்டியை முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் கெட்டித்தன்மையை டென்சிட்டி எண்ணால்தான் சொல்கிறார்கள், ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று. தோராயமாக, 60 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு 65-70, 60 முதல் 85 கிலோ வரை 75-80, அதற்கு மேல் 85-90. ஒருக்களித்தே படுப்பவர் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம்.

கணவர் 90 கிலோ, மனைவி 55 கிலோ என்றால் ஒரே டென்சிட்டி இருவருக்கும் சரிவராது. நடுவில் ஒன்றை எடுத்தால் இருவருக்கும் அரைகுறை. கனமானவர் பக்கம் சரிந்து, மற்றவர் இரவெல்லாம் ஓரத்தைப் பிடித்துப் படுப்பார். இங்கே நான் தயங்காமல் சொல்வது: ஒரே உறைக்குள் இரண்டு தனித் துண்டுகள் வைத்த மெத்தையைக் கேளுங்கள். 78க்கு 72 அளவில் ஒவ்வொருவருக்கும் 36 அங்குல அகலம், ஒவ்வொன்றும் வேறு டென்சிட்டி. ஆர்டர் கொடுத்தால் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கோடு இலேசாகத் தெரியும். மேலே ஓர் அங்குல முழு அடுக்கு போட்டால் போய்விடும்.

தடிமன் 6 அங்குலம் பலருக்குப் போதும். உடல் கனமானவர்களுக்கு 8.

படி 4: கடையில் ஜிப்பைத் திறந்து பாருங்கள்

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். “லேடெக்ஸ் மெத்தை” என்று அட்டையில் இருக்கும். உள்ளே மேலே ஓர் அங்குலம் மட்டும் லேடெக்ஸ், கீழே ஐந்து அங்குலம் சாதாரண ஃபோம். அப்படி விற்பது தவறில்லை, சொல்லி விற்றால். அதனால் முதல் கேள்வி, “இதில் லேடெக்ஸ் எத்தனை அங்குலம்?” இரண்டாவது, “இயற்கை ரப்பர் பால் எத்தனை சதவீதம்?” ஏனென்றால் பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை லேடெக்ஸும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. ஜி.ஓ.எல்.எஸ். (குளோபல் ஆர்கானிக் லேடெக்ஸ் ஸ்டாண்டர்ட்) சான்று இருந்தால் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற இயற்கை வேளாண்மை மூலப்பொருள் என்று பொருள். ஓகோ-டெக்ஸ் சான்று கெடுதலான வேதிப்பொருள் இல்லை என்பதற்கு மட்டுமே, அது இயற்கை ரப்பருக்கான சான்று ஆகாது.

எடையை வைத்தும் சரிபார்க்கலாம். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி, 61,000ஆல் வகுத்து, டென்சிட்டியால் பெருக்குங்கள். 75, 60, 6 என்றால் 27,000. வகுத்தால் 0.44. டென்சிட்டி 80 என்றால் சுமார் 35 கிலோ, உறை தனி. அதே அளவில் 32 டென்சிட்டி ஃபோம் 14 கிலோதான் வரும். 35 சொல்லி 20 கிலோ இருந்தால் வாங்காதீர்கள். கழிவுத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஃபோமும் கனமாக இருக்கும் என்பதால் ஜிப்பைத் திறப்பதும் அவசியம். லேடெக்ஸில் வரிசையாக ஊசித் துளைகள் தெரியும், அமுக்கி விட்டதும் உடனே எழும்.

படி 5: இருவரும் சேர்ந்து படுத்துப் பாருங்கள்

கடையில் படுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும், சுற்றி ஆட்கள் நிற்பார்கள். கூட்டம் இல்லாத வார நாள் மதியம் போனால் சங்கடம் குறையும். கையால் அமுக்குவதும் ஓரத்தில் உட்கார்வதும் சோதனை ஆகாது. பதினைந்து நிமிடம், இருவரும் ஒரே நேரத்தில், வீட்டில் படுக்கிற மாதிரியே.

மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை விடுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கெட்டி, நுழையவே முடியாவிட்டால் மென்மை அதிகம், சற்று இறுக்கமாக நுழைந்தால் சரி. ஒருவர் ஒருக்களித்துப் படுக்கும்போது மற்றவர் பின்னால் நின்று முதுகெலும்பைப் பார்க்கட்டும். கழுத்திலிருந்து இடுப்பு வரை நேர்கோடாக இருக்க வேண்டும். போனில் ஒரு படம் எடுத்தால் இரண்டு மெத்தைகளை ஒப்பிடலாம். அப்புறம் ஒருவர் புரண்டு, எழுந்து, திரும்ப வந்து படுக்கட்டும். மற்றவர் கண்ணை மூடி, எவ்வளவு தெரிகிறது என்று சொல்லட்டும்.

படி 6: பில் போடும் முன்

டென்சிட்டி, லேடெக்ஸ் அங்குலம், சதவீதம் மூன்றும் பில்லில் எழுதப்பட வேண்டும். வாரண்டியில் எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். ஆன்லைனில் 100 இரவு படுத்துப் பார்த்துத் திருப்பலாம் என்று தருபவர்கள் உண்டு; ஆனால் உங்கள் பின்கோடிலிருந்து திரும்ப எடுக்க வருவார்களா, வண்டிச் செலவு யாருடையது என்பதை முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஓசூருக்கு வருகிற வண்டி தேன்கனிக்கோட்டைக்கும் அரூருக்கும் பென்னாகரத்துக்கும் வரும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

தூசி படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் வைத்திருக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. முதல் நாளே கழற்றிவிடுங்கள். சித்திரை வைகாசியில் தர்மபுரி வெக்கையில் அது வியர்வையை அப்படியே தேக்கும், ஊசித் துளைகளுக்கு வேலையே இல்லாமல் போகும். ரப்பர் வாசனை சில நாள் இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மொட்டை மாடி வெயிலில் மட்டும் போடாதீர்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கு வெயில் நல்லது. லேடெக்ஸோ நேர் வெயிலில் காய்ந்து, மஞ்சளாகி, உதிர ஆரம்பிக்கும். ஜன்னல் வழியே தினமும் கட்டிலில் வெயில் விழுந்தால் ஒரு திரை போடுங்கள். ஈரம் பட்டால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினால் போதும். குழந்தை உள்ள வீட்டில் பருத்தி மேல்பரப்புள்ள தண்ணீர் புகா உறை ஒன்று போட்டுவிடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புங்கள்; 35 கிலோ என்பதால் இருவராகப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும், ஒருவராக மடக்கி இழுத்தால் லேடெக்ஸ் கிழியும்.