சிங்கப்பூர் வெயிலில் சைக்கிள் உடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி வில்லேஜ் வரை போய்வரலாம் என்று தோழி ஒருத்தியை அழைத்துப் போனேன். அவளுக்கு அது மூன்றாவது நீண்ட பயணம். பெடோக் படகுத்துறையைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே சீட்டில் உட்காரவும் முடியாமல், எழுந்து நின்று மிதிக்கவும் முடியாமல் தவிக்க ஆரம்பித்துவிட்டாள். விமான நிலையத்தை ஒட்டிய நேர்ச்சாலை வந்ததும் இறங்கி நின்றுவிட்டாள். "இது எனக்குச் சரிப்பட்டு வராதுக்கா. என் உடம்பு வாகு இதுக்கு இல்ல" என்றாள்.

அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. உட்காரும் இடத்தில் பேட், அதாவது சிறு மெத்தை, வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் சாதாரண உள்ளாடை போட்டிருந்தாள், மேலே பருத்தி டீ-ஷர்ட். அவளை இறக்கிவிட்டவை அந்த இரண்டும்தான்.

வாரத்தில் மூன்று நாளாவது விடியுமுன் மிதிக்காவிட்டால் எனக்கு அந்த வாரமே முழுசாக இருக்காது. கடற்கரைப் பாதையில் இருட்டு கலைந்து, நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே நாலரை மணிக்கு எழுந்திருக்கலாம். துணி சரியில்லாத காரணத்துக்காக ஒருவர் இதையெல்லாம் விட்டுவிட்டுப் போவதை என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. ஆகவே நான் செய்ததும், நண்பர்கள் செய்யப் பார்த்ததுமான தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

உள்ளாடையின் மேல் பேட்

இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பேட் வைத்த ஷார்ட்ஸ் வெறும் தோலின் மேல் போடுவதற்கென்றே தைக்கப்பட்டது. உள்ளாடையின் ஓரத்தையல் சரியாகத் தொடை இடுக்கில், உடம்பு சீட்டில் அழுந்தும் இடத்தில் வருகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் 4,800 தடவை அந்தத் தையல் ஒரே இடத்தில் உரசும். பருத்தி உறிஞ்சிய வியர்வையை விடாது, ஊறிய தோல் சீக்கிரம் கன்றிப்போகும். முதலில் எரிச்சல், அடுத்த நாள் பொரிப்பொரியாக வரும். அதன் மேலேயே மறுபடி ஓட்டினால் கட்டியாகி உட்காரவே விடாது. புதிதாக வருகிறவர்களில், குறிப்பாகப் பெண்களில், பலர் கூச்சத்தினால் இதை யாரிடமும் கேட்பதில்லை. அந்தப் பேடே உள்ளாடையின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

கடைக்காரர்கள் பேடை ‘ஷாமி’ என்பார்கள். ஐரோப்பிய மலைகளில் திரியும் ஆடு போன்ற ஒரு விலங்கின் பெயர் அது. முற்காலத்தில் அதன் மெல்லிய தோலைத்தான் ஷார்ட்ஸுக்குள் தைத்தார்கள். துவைத்துக் காய்ந்ததும் தோல் விறைத்துப்போகும், அதை இளக்கத்தான் கிரீம் பூசும் பழக்கமே வந்தது. இப்போது பேட் நுரையால் செய்யப்படுகிறது, கிரீம் பூசுவது உரசலைக் குறைக்க. கிரீமுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசாதீர்கள். அவை நுரையில் ஏறிக்கொண்டால் பேட் வியர்வையை உறிஞ்சாது, துவைத்தாலும் லேசில் போகாது.

தடிமனான பேட்தான் நல்ல பேட் என்று நினைப்பதும் தவறு. நம் ஊர் ஈரக்காற்றில் தடித்த ஜெல் மெத்தை நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிடும். மெல்லியதாக, அடர்த்தியாக, உட்காரும் எலும்பு இரண்டும் பதியும் இடத்தில் மட்டும் உறுதியாக இருப்பது போதும். பெண்களுக்கு அந்த எலும்புகள் பொதுவாகச் சற்று அகலமாக அமைந்திருக்கும். ஆகவே விலை குறைவு என்று ஆண்களுக்கானதை வாங்காதீர்கள்.

கண்ணாடி முன் நின்று அளவு பார்ப்பது

சைக்கிள் உடை, குனிந்து உட்கார்ந்த உடம்புக்கு வெட்டப்பட்டது. நிமிர்ந்து நின்றால் பிப் ஷார்ட்ஸின் தோள்பட்டி இழுக்கும். மேல்சட்டையான ஜெர்சியின் முன்பக்கம் கட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். சாலையில் குனிந்ததும் முன்னால் துணி பொதிபோலச் சுருண்டுகொள்ளும். பின்பக்கத்து மூன்று பைகளில் கைப்பேசியும் சாவியும் போட்டால் ஜெர்சியே தொங்கி இடுப்பில் ஆடும். கடையில் உடுத்திப் பார்க்கும்போது முட்டியை மடக்கி, கைகளை ஹேண்டில் பிடிப்பதுபோல நீட்டிக் குனிந்து பாருங்கள். அந்த நிலையில் தோள்பட்டி தளர்ந்து கொடுத்தால் அதுதான் உங்கள் அளவு.

அதற்காகப் பந்தய வீரர்போல இறுக்கிப் பிடிக்கும் வெட்டும் வேண்டாம். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அங்கே காற்றைக் கிழிக்கும் துணியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இறுக்கமான உடை என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. முதல் தடவை நான் கிளம்பியபோது என் மாமியார், "இதப் போட்டுக்கிட்டேவா கீழ போகப்போற, லிஃப்ட்ல ஆளுங்க இருப்பாங்களேம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அன்றிலிருந்து பேட் ஷார்ட்ஸின் மேலே முட்டி வரை தளர்வான மெல்லிய கால்சட்டை ஒன்று போட்டுக்கொள்கிறேன். புலாவ் உபின் தீவின் காட்டுப்பாதையில் கிளை கீறாமல் இருக்கவும் அது உதவுகிறது. கூச்சத்துக்காகப் பேடையே விட்டுவிட்டுச் சாதாரண டிராக் பேண்ட்டில் 40 கிலோமீட்டர் போகிறவர்களைத்தான் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

பருத்தி, கறுப்பு, வலைத்துணி

பருத்திதானே வெயிலுக்கு நல்லது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது சரி. மிதிக்கும்போது வழியும் வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது லேசில் ஆவியாகாது. பருத்தி அதை உறிஞ்சி, கனத்து, முதுகில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பாலியஸ்டர் ஜெர்சி ஈரத்தைத் துணியின் வெளிப்புறத்துக்குக் கடத்திப் பரப்பிவிடும், ஓட்டத்தில் அடிக்கும் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முன் ஜிப் முழு நீளத்துக்குத் திறக்கும்படி இருக்கட்டும். மண்டாய் சாலையின் ஏற்றத்தில் அதன் அருமை தெரியும்.

காற்றோட்டம் வேண்டும் என்று பெரிய ஓட்டைகள் கொண்ட வலைத்துணியை நடுப்பகலில் போடாதீர்கள். இங்கே மதிய வேளையில் புற ஊதாக் கதிர்க் குறியீடு சில நாட்களில் 11ஐயும் தாண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிம் சூ காங் போய்விட்டு மதியம் திரும்பினேன். மாலையில் தோளைப் பார்த்தால் துணியின் ஓட்டைகள் அத்தனையும் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தன. கைக்கு வெள்ளை நிற உறை போடுவது வெயிலைத் தடுப்பதோடு, தண்ணீர் ஊற்றினால் குளிர்ச்சியாகவும் இருக்கும். நெற்றியில் சன்ஸ்கிரீன் பூசினால் வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய தொப்பி ஒன்று போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று கறுப்பு. இங்கே வருடம் முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் எழுகிறது. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டில்தான் ஓட்டம். தலையிலிருந்து கால்வரை கறுப்பில் போகிறவரைப் பின்னால் வரும் லாரிக்காரர் எப்படிப் பார்ப்பார்? முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி வேண்டும், சாலையில் ஹெல்மெட்டும் 2019 முதல் கட்டாயம். அவற்றோடு கணுக்காலில் ஒளிரும் பட்டை ஒன்று கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைக் கண்டதும் மனிதர் மிதிக்கிறார் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும். 2022 முதல் சாலையில் ஒற்றை வரிசையென்றால் ஐந்து பேர், இரட்டை வரிசையென்றால் பத்துப் பேர்தான் ஒரு குழுவாகப் போகலாம். எங்கள் ஐவரில் கடைசியாக வருகிறவர் மஞ்சளோ ஆரஞ்சோ உடுத்த வேண்டும் என்று எங்களுக்குள் பேசிவைத்திருக்கிறோம்.

மழைக்கோட்டு

குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து விலை உயர்ந்த மழைக்கோட்டு வாங்கியவர்கள் பலர். நானும் வாங்கினேன். நம் மழையில் அதைப் போட்டு ஓட்டினால் வெளியே நனைவதைவிட உள்ளே வியர்வையில் நனைவதுதான் அதிகம். காலைப்பொழுதில் அடித்துக்கொண்டு வரும் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இடி இருந்தால் எந்தக் கோட்டும் உதவாது, ஒதுங்கித்தான் ஆக வேண்டும். கையில்லாத மெல்லிய காற்றுச்சட்டை ஒன்றை மடித்துப் பையில் வைத்தால் போதும். நனைந்த பிறகு ஏசி போட்ட எம்ஆர்டி ரயிலில் திரும்ப நேர்ந்தால் அதுவே கைகொடுக்கும். வெள்ளை ஷார்ட்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், நனைந்தால் மானம் காக்காது.

மெட்டியும் பின்னலும்

எந்தக் கடையிலும் யாரும் சொல்லித்தராத விஷயம் இது. சைக்கிள் காலணியின் அடிப்பாகம் விறைப்பானது, முன்பக்கம் குறுகலானது. ஒரு மணி நேர வெயிலில் பாதம் வீங்கும். அப்போது மெட்டி இரண்டு விரலுக்கும் நடுவில் பதிந்து, வலி உள்ளங்கால் வரை இழுக்கும். காலணி சிறியது என்று நினைத்து இரண்டு ஜோடி மாற்றிய பிறகுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. இப்போது ஓட்டத்துக்கு மட்டும் தட்டையான மெல்லிய மெட்டி போட்டுக்கொள்கிறேன். காலணியை மாலையில், பாதம் சற்று உப்பியிருக்கும்போது வாங்குகிறேன்.

தாலிக்கொடி குனியும்போது ஜெர்சியின் ஜிப்பில் மாட்டும். உள்சட்டைக்குள் செருகிவிட்டு ஜிப்பை ஏற்றுங்கள். கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்னால் சரிந்து நெற்றியை மறைக்கும், அல்லது பின்னால் ஏறி நெற்றியைத் திறந்துவிடும். விழுந்தால் இரண்டுமே ஆபத்து. தாழ்வாகப் போட்ட ஒற்றைப் பின்னல்தான் சரி.

ஈரத்தோடு நாசி லெமாக்

சாங்கி வில்லேஜ் உணவங்காடிக்குப் போய்ச் சேர்ந்து, நாசி லெமாக்கும் தேத்தண்ணியுமாக ஒரு மணி நேரம் பேசாவிட்டால் அது என்ன பயணம்? ஆனால் அந்த ஒரு மணி நேரம் முழுக்க நனைந்த பேடின் மேல் உட்கார்ந்திருக்கிறோம். சூடும் ஈரமும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். சாலையில் தப்பிய தோல் பிளாஸ்டிக் நாற்காலியில் புண்ணாகும். அங்கிருந்து சைக்கிளை வேறு வண்டியில் ஏற்றி வீடு திரும்புவதாக இருந்தால், கழிப்பறையில் உலர்ந்த மாற்றுடை போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். திரும்பி ஓட்டுவதாக இருந்தால் பேச்சைக் கொஞ்சம் நின்றுகொண்டே பேசுங்கள். பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் அடியில் வைத்த காலணியோடு ஈரத்தரையில் தட்டு ஏந்தி நடக்கவும் வேண்டாம், ரப்பர் மூடி மாட்டிக்கொள்ளுங்கள்.

துவைக்கும் தவறு

நல்ல துணி அதிகம் பாழாவது சாலையில் அல்ல, வீட்டில்தான். வியர்த்த ஜெர்சியை அழுக்குக் கூடையில் சாயங்காலம் வரை போட்டுவைத்தால் பாலியஸ்டரில் வாடை ஏறும். ஏறிய வாடை, துவைத்து மடித்து வைத்த பிறகும், அடுத்த தடவை உடம்புச் சூடு பட்டதும் திரும்ப எழும். நான் வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குத் துணியோடு போய், குளிக்கும்போதே ஒரு தடவை அலசிவிடுவேன். கறுப்புத் தோள்பட்டியில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருக்கும். பிழியும்போது அது கரைந்து ஓடுவதை விரலில் உணரலாம்.

பிறகு இயந்திரத்தில், குளிர்ந்த நீரில், வலைப்பையில் போட்டு, கொஞ்சமாகச் சோப்பு. ஜிப்பை ஏற்றிவிட்டுத்தான் போட வேண்டும். கையுறையின் ஒட்டுப்பட்டியையும் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜெர்சியின் நூலை இழுத்துவிடும். வாசனைக்காகச் சேர்க்கும் துணி மென்மையூட்டி கூடவே கூடாது. அது இழைமேல் படலமாகப் படிந்து வியர்வை கடத்தும் குணத்தையே கெடுத்துவிடும். வாடை போகாவிட்டால் அலசும் நீரில் வெள்ளை வினிகர் கொஞ்சம் விடுங்கள். உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் எலாஸ்டிக்கின் உயிர் போய்விடும்.

வீவக அடுக்குமாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போடும்போது பேட் வெளிப்பக்கம் இருக்கும்படி புரட்டி, நிழல்பக்கமாகப் போடுங்கள். டிசம்பர், ஜனவரி அடைமழையில் ஒரு நாளில் அது காயாது. தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், அழுத்திப் பார்த்தால் நடுவில் சில்லென்று ஈரம் தெரியும். அந்த ஈரத்தோடு போடாதீர்கள், மின்விசிறிக்கு அடியில் இன்னும் ஒரு இரவு விடுங்கள். இதனால்தான் ஜெர்சி ஒன்று போதும், ஷார்ட்ஸ் இரண்டாவது வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பணம் குறைவாக இருந்தால் ஜெர்சியில் சிக்கனம் பிடியுங்கள், ஷார்ட்ஸில் வேண்டாம்.

என் ஆசை ஜெர்சி மாம்பழ மஞ்சள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னணி வீரருக்கு 1919ல் மஞ்சள் ஜெர்சி கொடுக்கத் தொடங்கினார்கள். போட்டியை நடத்திய நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானது. நான் வாங்கிய காரணம் அது இல்லை, தூரத்திலிருந்தே என் மகன் என்னை அடையாளம் கண்டு கையசைப்பான். ஒன்பது வருடத்தில் இரண்டு தடவை ஜிப் போய், தேக்கா மாடியில் இருக்கும் தையல்காரரிடம் மாற்றியிருக்கிறேன். இன்னும் ஓடும். ஆனால் ஷார்ட்ஸை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, பின்பக்கத் துணி வழியாக உங்கள் விரல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், உங்களுக்குப் பின்னால் ஓட்டுகிறவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர் சொல்லக் கூச்சப்படுவார். போன வாரம் என்னுடைய ஒன்றை அப்படிப் பிடித்துப் பார்த்தேன், தெரிந்தது, எடுத்துவைத்துவிட்டேன். தோழிக்கு அவள் அளவில் புதிதாக ஒன்று வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கினேன். வரும் சனிக்கிழமை மறுபடி சாங்கி வரை போகிறோம்.