அமெரிக்காவில் பல சமயத்தார் கூடித் துப்பாக்கி ஒப்படைப்பு முகாம் நடத்தும் முறை

முதலில் தேவாலயம், யூதத் தொழுகைக்கூடம், பள்ளிவாசல், குருத்வாரா ஆகியவற்றின் பொறுப்பாளர்களைச் சேர்த்து ஒரு குழு அமையுங்கள். பிலடெல்பியாவில் 2009இல் தொடங்கிய 'ஹீடிங் காட்ஸ் கால்' என்னும் துப்பாக்கி வன்முறைத் தடுப்பு இயக்கமும் இத்தகைய சமயக் கூட்டுறவில் வளர்ந்ததே. துப்பாக்கியைக் கைமாற்றும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், வழக்கறிஞரின் ஆலோசனையின்றித் தேதி குறிக்காதீர்கள்.

முகாமுக்கு வாகன நிறுத்துமிடமே ஏற்றது. உரிமையாளர் வீட்டிலேயே குண்டுகளை அகற்றி, துப்பாக்கியைக் கார் டிக்கியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அவர் இருக்கையை விட்டு இறங்காமலிருக்க, பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் மட்டுமே அதை எடுத்து, குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, அதை அறுத்துப் பயனற்றதாக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லட்டும். அறுத்து முடியும்வரை அது உரிமையாளரின் உடைமையாகவே இருக்கும்படி ஏற்பாடு செய்வது வழக்கம்.

வந்தவரிடம் காரணம் கேட்காதீர்கள். அந்தத் துப்பாக்கி, தற்கொலை செய்துகொண்ட மகன் விட்டுச் சென்றதாகவும் இருக்கலாம். பேச விரும்புவோருக்காகச் சமயகுரு ஒருவர் அருகில் இருப்பது மிக அவசியம் என்பேன்.

கொலராடோவின் 'ரா டூல்ஸ்' அமைப்பைப் போல, அறுத்த இரும்பைக் கொல்லுலையில் தோட்டக் கருவிகளாக்கலாம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதால், ஒப்படைக்க மனமில்லாதோருக்கும் துப்பாக்கிப் பூட்டுகளை இலவசமாக வழங்குங்கள்.