பஞ்சிங் பேக் மாட்டும்போது செய்யக்கூடாதவை

வெறுங்கையில் குத்தாதே, மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, விட்டுவிடலாம். முதல் குத்து விழுவதற்கு முன்பே, பேக்கை மாட்டும் அன்றே நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் இது.

ஃபேன் கொக்கி

பேக் வாங்கியவர் கண் முதலில் போவது அறை நடுவில் காலியாக இருக்கும் ஃபேன் கொக்கிக்குத்தான். "ஃபேனையே தாங்குது, இதைத் தாங்காதா?" என்று கேட்பார்கள். எத்தனை முறை கேட்டாலும் எரிச்சலூட்டும் கேள்வி. ஃபேன் 4, 5 கிலோ. நாலடி பேக்கில் துணி அடைத்தாலே 35, 40 கிலோ வந்துவிடும்.

எடையாவது பரவாயில்லை. ஃபேன் நின்ற இடத்தில் சுற்றுகிறது, பேக் ஊஞ்சல் ஆடுகிறது. 40 கிலோ பேக் 45 டிகிரி வரை போய்த் திரும்பினால், அது அடிமட்டத்தைக் கடக்கும் நொடியில் கொக்கிக்கு வரும் இழுப்பு சுமார் 63 கிலோ. 60 டிகிரி போனால் 80. கீழிருந்து மேலே ஒரு அப்பர்கட் விட்டு, பேக் அரை அங்குலம் எம்பி விழுந்தால் சங்கிலி தளர்ந்து வெடுக்கென்று இறுகும். அந்த வெடுக்கு இந்தக் கணக்கிலேயே சேராது.

சரி, அந்தக் கொக்கி உள்ளே எதில் நிற்கிறது? சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டிய பிறகு, ஃபேன் பாக்ஸை வைத்து அதன் கொக்கியைத் தளக் கம்பியோடு கட்டுக்கம்பியால் இரண்டு முறுக்கு முறுக்கியிருப்பார்கள். சில வீட்டில் 12 மி.மீ. கம்பி, சில வீட்டில் 8. கான்கிரீட் கொட்டியபின் பார்க்க வழியில்லை.

உடனே விழுந்தால் புத்தி வந்துவிடும், விழாது. முதலில் கொக்கியைச் சுற்றிப் பூச்சு மாவாக உதிரும். தரையில் கிடக்கும் வெள்ளைத் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடி குத்துவார்கள். அடுத்து பாக்ஸ் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். பேக்கை இறக்கிவிட்டு, கொக்கி வளைவின் உட்புறத்தை நகத்தால் வருடினால் சங்கிலி அறுத்த பள்ளம் தட்டுப்படும். மொட்டைமாடிக்குக் கீழ் அறை என்றால் மழைநீர் கசிந்து கம்பி ஏற்கெனவே துருப்பிடித்திருக்கவும் கூடும். இவ்வளவுக்கும் அதே பாக்ஸுக்குள்தான் ஃபேன் வயரும் வருகிறது. ஆடுகிற சங்கிலி அதையும் உரசும்.

ஃபேன் கொக்கி ஃபேனுக்கு. பேக்குக்குத் தனி இடம் பாருங்கள்.

ஒற்றை ஆங்கர் போல்ட்

தளத்தில் ஒரே ஒரு துளை போட்டு, வளையம் வைத்த ஒரு போல்ட்டைத் திருகிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். தளத்தின் அடிப்பக்கம், அதுவும் அறையின் நடுப்பகுதி, விரிசல் விடும் பக்கம். அங்கே நேர்கீழாக இழுபடும் ஒற்றை போல்ட் ஆடி ஆடித் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

நல்ல இடம் பீம். அதன் அடியில் துளைக்காதீர்கள், முக்கியக் கம்பிகள் அங்கேதான் ஓடுகின்றன. பக்கவாட்டில், பாதி உயரத்தில், இரண்டு பக்கமும் எல் வடிவ இரும்பு ஆங்கிள் வைத்து போல்ட் போடுங்கள். அப்போது பாரம் போல்ட்டைப் பிடுங்காது, குறுக்கேதான் அழுத்தும்.

தளத்தில்தான் மாட்ட முடியும் என்றால் 8 அங்குலச் சதுர இரும்புத் தகடு, 8 மி.மீ. கனம், நான்கு மூலையிலும் 10 மி.மீ. போல்ட். போல்ட் 60 மி.மீ. உள்ளே போகவேண்டும், கான்கிரீட்டுக்குள். பூச்சின் கனத்தைச் சேர்த்து அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தகடு உட்காரும் இடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்துவிடுவது நல்லது. துளைபோடும் பிட் கம்பியில் முட்டினால் அழுத்தாதீர்கள், துளையை மாற்றுங்கள். துளைக்குள் தூசி இருந்தால் போல்ட் பிடிக்காது. முறுக்குவதற்கு முன் பம்பால் ஊதிவிடுங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு (மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) என்றால் இதையெல்லாம் மறந்துவிட்டு ஸ்டாண்ட் வாங்கிவிடுங்கள்.

நாலரை அங்குலச் சுவர்

பிராக்கெட் அடிக்காதீர்கள். ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவரிலும்தான்.

மணல்

'மணல் மூட்டை' என்ற பேச்சுவழக்கு செய்த வேலை இது. 12 அங்குல விட்டம், 4 அடி உயரப் பேக்கை முழுக்க உலர்ந்த மணலால் நிரப்பினால் 140 கிலோ. சில நாளில் மணல் கீழே இறுகி அடிப்பாகம் கல்லாகும், மேல்பாகம் தொளதொளக்கும். அந்தக் கல்லில் குத்தினால் மணிக்கட்டு போகும். பனியன் வேஸ்ட் போதும். ஜிப், பட்டனை வெட்டி எறிந்துவிட்டு ஒரு சாண் உயரத்துக்குத் துணி போட்டு உலக்கையால் இடியுங்கள், பிறகு அடுத்த சாண். மொத்தமாகத் திணித்துவிட்டு மேலே நின்று மிதித்தால் நடுவில் பொந்து விழும்.

எஸ் வளையம்

சங்கிலியை மாட்டும் எஸ் வளையம் விரியும். டி ஷேக்கிள் (குறுக்காணி போட்டு மூடும் இரும்பு வளையம்) போட்டு, அந்த ஆணி கழன்றுவராமல் மெல்லிய கம்பியால் கட்டுங்கள். சங்கிலிக்கு மேலே ஒரு ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு) இல்லையென்றால் பேக் சுழலச் சுழல சங்கிலி முறுக்கிக்கொள்ளும். அபார்ட்மென்ட் என்றால் ஸ்பிரிங்கும் சேர்த்து. மேல்வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி உங்கள் குத்தை எண்ணிக்கொண்டிருப்பார்.

மாட்டிவிட்டு மறந்துபோவது

முதல் வாரத்தில் நட்டுகள் தளரும். இறுக்கிய உடனே நட்டின்மேலிருந்து தகடுவரை நெயில்பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அன்று குத்தாமல் ஸ்பேனரை எடுங்கள்.