கேஸ் ஏன் அடிக்கடி குறைந்தது?

எங்கள் வீட்டு ஒரு டன் ஸ்பிளிட் ஏசியில் கேஸ் ஏற்றினால் சில வாரம்தான் குளிர்ச்சி, அப்புறம் பழையபடி. வந்தவர்கள் மறுபடி கேஸ் ஏற்றுவதிலேயே குறியாக இருந்தார்கள். கேஸ் ஓடி ஓடித் தீரும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது.

வெளி யூனிட் நட்டுகளில் சோப்பு நுரை தடவினேன். தடித்த குழாயின் நட்டில் குமிழி கிளம்பியது. அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன் ஒருவரை அழைத்தேன். எங்கள் ஏசியில் இருக்கும் ஆர்32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் மிச்ச கேஸை ரெகவரி மெஷினில் எடுத்துவிட்டே நட்டைக் கழற்றினார். ஃபிளேர், அதாவது நட்டுக்குள் உட்காரும்படி புனல்போல் விரித்த குழாய் நுனி, அதன் விளிம்பில் மெல்லிய வெடிப்பு!

நுனியை வெட்டி, செம்புத்தூள் உள்ளே போகாதபடி குழாய் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறு எடுத்தோம். நட்டை மாட்டிய பிறகுதான் ஃபிளேர் அடிக்க வேண்டும். முதலில் கையாலேயே திருகி, பிறகு ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். 3/8 அங்குலக் குழாய்க்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். பலம் இருக்கிறதென்று முறுக்கினால் செம்பு பிளந்துவிடும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றினோம்; அழுத்தம் இறங்கவில்லை. குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்ப்பை, உள்ளே அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே போகும்வரை ஓடவிட்டு, பெயர்ப்பலகையில் உள்ள எடைப்படி கேஸ் நிரப்பினோம். கோடை முழுக்கக் குளிர்ச்சி குறையவே இல்லை.